துப்பாக்கியைக் கீழே வைத்த இரண்டாம் பாகம்: 'ஆக்சியம் வெர்ஜ் 2' குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஆகஸ்ட் 11 அன்று 'ஆக்சியம் வெர்ஜ் 2' என்ற வீடியோ விளையாட்டு வெளிவந்தபோது, முதல் பாகத்தை ஆடி முடித்திருந்தவர்கள் தொடக்க நிமிடங்களிலேயே தேடியது துப்பாக்கியைத்தான். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பனிக்கோடரி. முதல் பாகத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சுடும் ஆயுதங்கள் இருந்தன. அவற்றைத் தேடிச் சேர்ப்பதே அந்த விளையாட்டின் சுவைகளில் பாதி. அதைப் படைத்தவரே இரண்டாம் பாகத்தில் அத்தனையையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, எதிரியின் அருகே போய் வெட்டும்படி ஆடுபவரைப் பணித்தார். தொலைக்காட்சியோடு பொருத்தி ஆடும் பழைய கன்சோல் விளையாட்டுகளின் வழித்தோன்றலாக அறியப்பட்ட ஒரு படைப்பின் தொடர்ச்சி, தன்னை அந்த மரபோடு அடையாளப்படுத்திய பொருளையே ஏன் கைவிட்டது, கைவிட்ட பின்னும் அது எந்த வகையில் அந்த மரபைச் சேர்ந்ததாக இருக்கிறது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

முதல் பாகம் 2015 மார்ச் 31 அன்று பிளேஸ்டேஷன் 4-இல் வெளிவந்தது. நிரல், படம், இசை, கதை ஆகிய நான்கையும் தாமஸ் ஹாப் என்ற அமெரிக்கர் ஒருவரே செய்தார். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் டிபுரான் கிளையிலும் பின்னர் பெட்ரோகிளிஃப் நிறுவனத்திலும் வேலை பார்த்தவர் அவர். 2010-இல் ஓய்வு நேரப் பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை ஐந்தாண்டுகள் நீண்டது. விற்பனையையும் நிறுவனங்களுடனான பேச்சுவார்த்தைகளையும் கவனித்துக்கொண்ட டான் ஏடல்மேன், அதற்கு முன் நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளையில் சிறு படைப்பாளிகளுக்கான பிரிவில் இருந்தவர். ஒற்றை மனிதர் படைப்பு என்று விளம்பரத்திற்காகச் சொல்லிக்கொள்ளும் விளையாட்டுகள் பல உண்டு. இது உண்மையாகவே அப்படிப்பட்டது.

பழுதிலிருந்து பிறந்த கருவி

இரண்டாம் பாகம் எதை விட்டுச் சென்றது என்பதை அறிய, முதல் பாகம் எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அதற்கு 1986-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோவின் 'மெட்ராய்ட்', அதுவரை வலப்பக்கமாகவே ஓடிப் பழகியிருந்த, தளம் விட்டுத் தளம் தாவும் பிளாட்பார்ம் விளையாட்டைத் திசைமாற்றியது. நாயகி சாமஸ் திரையின் நடுவே தோன்றுவாள். பழக்கத்தில் வலப்பக்கம் போனால், ஆள் நுழைய முடியாத தாழ்ந்த சந்து ஒன்றில் வழி அடைபட்டுவிடும். திரும்பி வந்து, தொடங்கிய இடத்தையும் தாண்டி இடப்பக்கம் நடந்தால், பந்தாகச் சுருளும் ஆற்றல் அங்கே வைக்கப்பட்டிருக்கும். வழி அடைபடுவது, வேறெங்கோ ஒரு கருவி கிடைப்பது, பழைய இடத்திற்கே திரும்பி வருவது, அடைபட்டது திறப்பது என்ற இந்த நான்கு அடிகளையும் ஒரு சொல் கூட எழுதிக் காட்டாமல் முதல் இரண்டு நிமிடத்திலேயே அது கற்றுக்கொடுத்துவிட்டது.

'மெட்ராய்ட்' வேண்டுமென்றே கற்றுக்கொடுத்தது அது. வேண்டாமலே கற்றுக்கொடுத்த ஒன்றும் உண்டு. அதன் உலகம் முழுவதும் 32-க்கு 32 சதுரங்கள் கொண்ட ஒரே வரைபடமாக நினைவகத்தில் இருந்தது. ஒவ்வொரு சதுரத்திலும் ஓர் எண் இருக்கும். எந்த அறையைத் திரையில் வரைய வேண்டும் என்பதை அந்த எண் சொல்லும். ஆனால் அறைகளின் பட்டியலோ பகுதிக்குப் பகுதி வேறு. கதவு மூடும் நேரத்தில் அதன் நடுவே நின்றுகொண்டு, பந்தாகச் சுருண்டும் எழுந்தும் மாறி மாறிச் செய்தால், சாமஸ் சுவருக்குள்ளேயே மெல்ல மேலேறுவாள். அப்படி ஏறி வரைபடத்தில் வேறொரு பகுதிக்குரிய சதுரத்தை அடைந்துவிட்டால், விளையாட்டு அந்தச் சதுரத்தின் எண்ணை எடுத்து, இன்னும் மாறாமல் இருக்கும் பழைய பகுதியின் பட்டியலில் தேடும். ஒரு தெருவில் உள்ள வீட்டின் எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த தெருவில் போய்க் கதவைத் தட்டுவது போன்ற நிலை அது. கதவு திறக்கும், ஆனால் உள்ளே இருப்பவர்கள் வேறு. யாரும் வடிவமைக்காத, துண்டு துண்டாக ஒட்டிய அறைகள் திரையில் வரும். ஆடியவர்கள் அவற்றை இரகசிய உலகங்கள் என்றே அழைத்தார்கள்.

தொண்ணூறுகளில் நம் ஊர் வீடுகளில் தொலைக்காட்சியோடு பொருத்தி ஆடிய பெட்டிகளின் கேட்ரிட்ஜை வாயால் ஊதிச் செருகியவர்களுக்கு, கலைந்துபோன அந்தத் திரையின் தோற்றத்தைத் தனியாக விளக்கத் தேவையில்லை. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் செங்கல்லும், செங்கல் இருக்க வேண்டிய இடத்தில் பாதி முகமும் வந்து நிற்கும்.

ஹாப் அந்தப் பழுதையே கருவியாக்கினார். முதல் பாகத்தின் நாயகன் டிரேஸ் கையில் 'அட்ரஸ் டிஸ்ரப்டர்' (முகவரி குலைப்பான்) என்ற ஒரு கருவி கிடைக்கிறது. அதை எதிரியின் மீது பாய்ச்சினால் எதிரி சாகாது, கலைந்துபோகும். உருவம் பிக்சல் பிக்சலாகக் குழம்பி, நடத்தையும் மாறும். ஒன்று வேகம் குறையும், இன்னொன்று நமக்கு எட்டாத சுவரை அரித்து வழி திறந்து தரும். எந்த எதிரி எப்படி மாறும் என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். கலைந்த திட்டுகளாகத் தெரியும் சுவர்களின் மீது பாய்ச்சினால் அவை நேராகும் அல்லது மறையும். ஒரு சதுர அகலமுள்ள சுவரை ஊடுருவிக் கடக்க உதவும் மேலங்கி ஒன்றும் உண்டு. சாமஸ் கதவிடுக்கில் திருட்டுத்தனமாகச் செய்ததை டிரேஸ் உரிமையோடு செய்கிறான் என்று அதைச் சொல்லலாம். இரகசிய உலகங்களும் இருக்கின்றன, ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடங்களில் ஒளிந்தபடி. 'மெட்ராய்ட்' ஆடியவர்களிடையே புகழ்பெற்ற 'ஜஸ்டின் பெய்லி' என்ற கடவுச்சொல்லைக் கூட முதல் பாகம் ஏற்றுக்கொண்டு, நாயகனின் உடையை மாற்றிக் காட்டும்.

பழமையை மேற்கொள்ளும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை பெரிய பிக்சல்கள், குறைந்த நிறங்கள், மூன்று நான்கு ஒலித்தடங்களில் அடங்கும் இசை என்று பழைய எந்திரத்தின் தோற்றத்தையே மேற்கொள்கின்றன. 'ஆக்சியம் வெர்ஜ்' அந்த எந்திரத்தின் உட்புறத்தையும் மேற்கொண்டது. முகவரி, நினைவகம், தவறாகப் படிக்கப்பட்ட எண் ஆகியவை அதன் கதையிலேயே பேசுபொருளாயின. முதல் பாகத்தின் தனித்தன்மை இதுதான் என்பது என் கணிப்பு. துப்பாக்கிகள் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகின்றன.

எளிய வழி எப்படி இருந்திருக்கும்

இத்தகைய விளையாட்டின் தொடர்ச்சிக்கு நன்கு பழக்கமான ஒரு வழி உண்டு, அது தவறான வழியும் அன்று. இன்டி கிரியேட்ஸ் 2020 ஜூலையில் வெளியிட்ட 'பிளட்ஸ்டெயின்டு: கர்ஸ் ஆஃப் த மூன் 2' அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1989-இல் வந்த மூன்றாம் 'காசில்வேனியா'வில் இருந்த, நடுவழியில் ஆளை மாற்றிக்கொண்டு ஆடும் முறையை 2018-இல் வந்த 'கர்ஸ் ஆஃப் த மூன்' முதல் பாகம் எடுத்துக்கொண்டது. இரண்டாம் பாகம் அதே அடித்தளத்தின் மேல் புதிய துணைவர்களையும் இருவர் சேர்ந்து ஆடும் வசதியையும் கொடுத்தது. அந்தத் துணைவர்களில் ஒன்று, இயந்திரக் கவசத்துக்குள் அமர்ந்து அதை ஓட்டும் ஒரு குட்டைக்கால் நாய். அந்த நாய்க்காகவே அதை ஆடலாம். ஆனால் விளையாட்டின் வடிவம் மாறவில்லை. பழைய வீட்டுக்கு மேல் ஒரு மாடி எழுப்பப்பட்டது, அவ்வளவே.

ஹாப்புக்கும் அந்த வழி திறந்தே இருந்தது. அதே டிரேஸ், அதே டிஸ்ரப்டர், இன்னும் பதினைந்து துப்பாக்கிகள், இரு மடங்கு வரைபடம் என்று செய்திருந்தால் விற்றிருக்கும், எதிர்பார்த்தவர்களும் மகிழ்ந்திருப்பார்கள்.

ஆனால் ஒரு பழுதை வியப்பாகக் காட்ட ஒரு முறைதான் முடியும். கலைந்த சுவரின் மீது கருவியைப் பாய்ச்சலாம் என்பதை முதல் பாகத்தில் கற்றுக்கொண்டவர், இரண்டாம் பாகத்தில் அத்தகைய சுவரைப் பார்த்ததும் யோசிக்கவே மாட்டார். பூட்டைப் பார்த்ததும் சாவியை எடுப்பவரைப் போலக் கருவியை எடுப்பார். அந்த நிமிடமே அது பழுதாக இருப்பதை விட்டுச் சாதாரணப் பூட்டாகிவிடுகிறது. ஹாப் இப்படிக் கணக்கிட்டுத்தான் முடிவெடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. விளையாட்டை ஆடிப் பார்த்தவருக்குத் தெரியும் கணக்கு இது.

கோடரியும் ஊடுருவலும்

இரண்டாம் பாகத்தின் நாயகி இந்திரா சௌதரி, உலகளாவிய பெருநிறுவனம் ஒன்றின் தலைவி. மகளைத் தேடி அண்டார்டிகாவுக்கு வரும் அவள், அங்கிருந்து கியெங்கிர் என்ற வேற்றுலகில் போய் விழுகிறாள். சுமேரியர் தம் நாட்டுக்கு வைத்திருந்த பெயரும் அதுவே; விளையாட்டின் புராணமும் அந்தத் திசையிலிருந்துதான் எடுக்கப்பட்டிருக்கிறது. விண்வெளி உடையோ ஆய்வக மேலங்கியோ அணியாமல், பனிப்பிரதேசத்து உடையில் கோடரியோடு நிற்கும் நடுவயதுத் தாய் ஒருத்தியை இவ்வகை விளையாட்டில் காண்பது அரிது. பெயரில் தெரியும் இந்தியச் சாயலை விளையாட்டு எங்கும் விளம்பரப்படுத்துவதில்லை. அவள் அப்படிப்பட்டவள், அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறது. அதுவே நன்றாகவும் இருக்கிறது.

முதல் பாகத்தின் உலகம் மூடிய குகையாக இருந்தது. கறுத்த பின்புலத்தின் மேல் சதைபோன்ற சுவர்களும் உலோகமும். கியெங்கிரில் வானம் தெரிகிறது. மலையும் நீரும் இடிந்த கட்டடங்களும் திறந்த வெளியில் நிற்கின்றன. இசையில் மாய்சா காரா என்ற பாடகியின் குரலும் சேர்கிறது. தனியொருவராக வேலை செய்யும் ஹாப் தம் அறைக்கதவைத் திறந்து வேறொருவரை உள்ளே அழைத்த இடங்களில் அது ஒன்று.

டிஸ்ரப்டரின் இடத்தில் இங்கே வருவது ஊடுருவல். இந்திராவின் உடலில் குடியேறும் நுண்ணியந்திரங்கள், அருகில் இருக்கும் இயந்திரங்களுக்குள் புகுந்து அவற்றின் கட்டளைகளை மாற்றும் ஆற்றலை அவளுக்குத் தருகின்றன. எதிரியின் வேகத்தைக் குறைக்கலாம், அதைத் தன் பக்கம் திருப்பலாம், பூட்டிய கதவைத் திறக்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் டிஸ்ரப்டரின் தங்கை போலத்தான் இருக்கிறது. ஆனால் வேறுபாடு பெரிது. டிஸ்ரப்டரைப் பாய்ச்சும்போது என்ன நடக்கும் என்பது ஆடுபவருக்குத் தெரியாது. ஊடுருவலிலோ செய்யக்கூடியவை முன்கூட்டியே பட்டியலாகத் திரையில் வருகின்றன. வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒன்றில் இருந்த ஆர்வம் மற்றொன்றில் கணக்காகிவிட்டது. ஊடுருவல் பயனுள்ள கருவி என்பதில் ஐயமில்லை. எனினும், தெரியாத எதிரி ஒன்றைக் கண்டதும் 'இதைக் கலைத்தால் என்னவாகும்' என்று கை துடித்த அந்தத் துடிப்பை இரண்டாம் பாகத்தில் நான் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பிளவுக்குள் ஒரு பழைய விளையாட்டு

இரண்டாம் பாகத்தின் உண்மையான துணிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. கியெங்கிருக்கு இணையாக இன்னோர் உலகம் உண்டு. விளையாட்டு அதைப் பிளவு என்ற பொருளில் 'பிரீச்' என்கிறது. இந்திரா தன் உடலோடு அதற்குள் போக முடியாது. அவளுடைய சிறிய ட்ரோன்தான் போக முடியும். வாயில் ஒன்றின் வழியாக ட்ரோன் உள்ளே நுழைந்ததும் திரையே மாறுகிறது. பிக்சல்கள் பெரிதாகின்றன, நிறங்கள் கூர்மையாகின்றன, வானமும் மலையும் போய் நெருக்கமான சுரங்கங்களும் தளங்களும் வருகின்றன. வெளியே 2021-இன் விளையாட்டு, உள்ளே எண்பதுகளின் எட்டு பிட் காலத்து விளையாட்டு.

இது வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் இத்தனை விரிவாக எழுத வேண்டியிருக்காது. இரண்டு உலகங்களும் ஒன்றின் மேல் ஒன்று படியும்படி அமைந்திருக்கின்றன. கியெங்கிரில் உயரமான பாறையொன்று வழியை மறிக்கிறது என்று கொள்வோம். ஏறவும் முடியாது, உடைக்கவும் முடியாது. ஆனால் சற்று முன்பு கடந்து வந்த இடத்தில் ஒரு வாயில் இருந்தது. அங்கே திரும்பிப் போய், ட்ரோனாகப் பிளவுக்குள் நுழைந்து, உள்ளே இருக்கும் சுரங்கத்தின் வழியே நடந்து, இன்னொரு வாயிலில் வெளியே வந்தால், பாறைக்கு அப்பால் நிற்கிறோம். இரண்டு வரைபடங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்து, இங்கே நுழைந்தால் அங்கே எங்கே வெளிவரலாம் என்று மனத்தில் கோடு போடுவதுதான் இந்த விளையாட்டின் முதன்மையான இன்பம்.

இதற்கும் கன்சோல் மரபில் முன்னோர்கள் உண்டு. 1991-இல் நிண்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கன்சோலில் வந்த 'செல்டா' விளையாட்டின் ஒளியுலகும் இருளுலகும் ஒரே நிலத்தின் இரு முகங்களாக இருந்தன. 1988-இன் 'பிளாஸ்டர் மாஸ்டர்' விளையாட்டில் பீரங்கி வண்டியை விட்டு இறங்கும் சிறுவன், வண்டி நுழைய முடியாத சின்னக் கதவுகளுக்குள் போவான். உள்ளே போனதும் பார்வைக்கோணமே மாறிவிடும். முதல் பாகத்திலும் ஒரு ட்ரோன் இருந்தது, ஆனால் அது குறுகிய சந்துகளில் அனுப்புவதற்கான துணைக்கருவி மட்டுமே. அந்தத் துணைக்கருவியை எடுத்து விளையாட்டின் பாதியை அதனிடம் ஒப்படைத்ததுதான் இரண்டாம் பாகம் செய்த வேலை.

இங்கேதான் 'மெட்ராய்ட்' மீண்டும் உள்ளே வருகிறது. சுவருக்குள் ஏறிய சாமஸ் கண்டது, ஒரே சதுரத்தின் எண்ணை வேறொரு பட்டியலில் படித்ததால் உருவான இன்னோர் உலகத்தை. அதாவது ஒரே வரைபடத்தின் மேல் விரிந்த இரண்டாவது வரைபடத்தை. முதல் பாகம் அந்தப் பழுதின் தோற்றத்தை எடுத்துக்கொண்டது என்றால், இரண்டாம் பாகம் அதன் அமைப்பை எடுத்துக்கொண்டது. கலைந்த பிக்சல் ஒன்றுகூட இல்லாமலே, சுவருக்குப் பின்னால் அதே இடத்தில் வேறொன்று இருக்கிறது என்ற உணர்வை அது திரும்பக் கொண்டுவருகிறது. பழையதிலிருந்து எடுத்ததை இத்தனை ஆழமாகச் செரித்த தொடர்ச்சியை வேறு எங்கும் நான் கண்டதில்லை. துப்பாக்கி இல்லையே என்று குறைப்பட்டவர்களில் பலர் இதைக் கவனிக்காமலே ஆடி முடித்திருப்பார்கள் என்றும் தோன்றுகிறது.

தாண்டிப் போகக்கூடிய பாஸ்கள்

குறை சொல்ல வேண்டிய இடம் சண்டைதான். முதல் பாகத்தில் பாஸ்கள் எனப்படும் பெரும் எதிரிகள் திரையை நிறைத்து நின்று பாதையை மறித்தன. அவற்றை வீழ்த்தாமல் கதை நகராது. இரண்டாம் பாகத்தில் பெரிய எதிரிகளோடு மோதுவது கட்டாயமன்று. அவை தம் போக்கில் அங்கே நிற்கும். விரும்பினால் சண்டையிடலாம், விரும்பாவிட்டால் தாண்டிப் போகலாம். வென்றால் ஆற்றல்களை மேம்படுத்துவதற்கான புள்ளிகள் கிடைக்கும்.

தேடலை முதன்மையாக்க நினைத்த ஒருவரின் முடிவு என்ற வகையில் இதற்கு நியாயம் உண்டு. ஒரே பாஸிடம் இருபது முறை தோற்று விளையாட்டையே மூடிவைத்தவர்கள் எத்தனையோ பேர்; அவர்களுக்கு இது திறந்த கதவு. ஆனால் ஆடிப் பார்க்கும்போது வேறொன்று நடக்கிறது. தாண்டிப் போகலாம் என்று தெரிந்த எதிரியின் முன் பயம் வருவதில்லை. கோடரியின் வீச்சு குறைவு. அருகே போய் வெட்டி விலகி, மீண்டும் அருகே போய் வெட்ட வேண்டும். பின்னால் கிடைக்கும் பூமராங் தொலைவிலிருந்து தாக்க உதவினாலும், எல்லா எதிரிகளுக்கும் விடை இந்த ஒன்றிரண்டு அசைவுகளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. துப்பாக்கிகளின் எண்ணிக்கை குறைந்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. அவை போன பின் எதிரியை ஏன் எதிர்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு விளையாட்டிடம் வலுவான பதில் இல்லை என்பதே குறை.

ஊடுருவலை இதற்குப் பதிலாகப் பயன்படுத்தியிருக்கலாம். வெட்டி வீழ்த்தவே முடியாத, ஆனால் கட்டளையை மாற்றினால் தானே வழிவிடும் ஒரு பெரும் எதிரியைப் பாதையின் குறுக்கே ஒரே ஒரு முறை கட்டாயமாக நிறுத்தியிருந்தால் கூட, கோடரி எதற்கு, ஊடுருவல் எதற்கு என்பது ஆடுபவரின் கைக்குப் புரிந்திருக்கும்.

ஆறு ஆண்டுகள்

இரு பாகங்களுக்கும் இடையே ஆறு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலம். 2019 டிசம்பரில் நிண்டெண்டோவின் இண்டி வேர்ல்டு நிகழ்ச்சியில் அதன் ஸ்விட்ச் கன்சோலுக்கென இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டது; 2020-இல் வெளிவரும் என்று சொல்லப்பட்டது தள்ளிப்போய், முடிவில் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் எபிக் கடை ஆகியவற்றில் ஒரே நாளில் வந்தது. ஸ்டீம் என்ற மற்றோர் இணையக் கடைக்கு அது வர இன்னும் ஓர் ஆண்டு, 2022 ஆகஸ்ட் வரை, ஆனது.

கதையளவில் இரண்டாம் பாகம் முதல் பாகம் முடிந்த இடத்தில் தொடங்குவதில்லை. டிரேஸின் முடிவுக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்த விடை இங்கே நேராகக் கிடைக்காது. இரண்டு கதைகளும் எங்கே தொடுகின்றன என்பதை, ஆங்காங்கே கிடைக்கும் குறிப்புகளைப் படித்து ஆடுபவரே பொருத்திப் பார்க்க வேண்டும். இதனால் ஒரு வசதியும் உண்டு. இரண்டையும் இதுவரை ஆடாத ஒருவர் இந்திராவிடமிருந்தே தொடங்கலாம். அப்படித் தொடங்குபவர் பின்னர் முதல் பாகத்துக்குப் போகும்போது, பிளவுக்குள் ட்ரோனாக அலைந்து பழகிய அதே பெரிய பிக்சல்களும் நெருக்கமான சுரங்கங்களும் அங்கே முழு உலகமாக விரிந்திருப்பதைக் காண்பார். வெளியிடப்பட்ட வரிசையில் ஆடிய எங்களுக்கு அந்த வாயில் எதிர்ப்பக்கத்திலிருந்துதான் திறந்தது.